வரிசையில் வெறுங்கால்

முன்னால் நடந்த கால்களில் செருப்பு இல்லை.

நூலகத்திலிருந்து விடுதிக்கு இறங்கும் பாதையில்தான் நிரஞ்சன் அதைக் கவனித்தான். அந்தி மழை அப்போதுதான் தூவானமாகியிருந்தது. ஹந்தானை மலையின் பனி பைன் மரங்களுக்கு இடையே வழிந்து பாதையை மூட, ஈர மண்ணின் வாசமும் பைன் பிசினின் வாசமும் கீழே கண்டி நகரத்திலிருந்து ஏறி வந்த பஸ் புகையோடு கலந்து மூக்கில் நின்றன. முதலாம் ஆண்டுப் பொடியன்கள் ஏழெட்டுப் பேர் ஒற்றை வரிசையில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் வெள்ளைச் சேர்ட், கறுப்புக் காற்சட்டை, ரப்பர் பாட்டாச் செருப்பு. எல்லோருடைய தலையும் நெஞ்சில் முட்டும்படி குனிந்திருந்தது.

அது சீனியர்கள் போட்ட சட்டம். பகிடிவதை என்னும் ராகிங் காலம் முடியும்வரை ஜூனியர் தலை நிமிரக்கூடாது. முன்னால் போகிறவனின் குதிக்காலுக்கு மேலே கண் போனால் அடி. இலக்கியம், வரலாறு, தத்துவம், நாடகம் என்று எல்லாவற்றையும் கலந்து படிப்பிக்கும் சின்னக் கல்லூரி அது. வாசல் பலகையில் 'சுதந்திர சிந்தனையின் இல்லம்' என்று மூன்று மொழியிலும் எழுதி வைத்திருந்தார்கள். அந்தப் பலகையை நிரஞ்சன் முதல் நாள் பார்த்ததோடு சரி. அதன்பிறகு அவன் பார்த்ததெல்லாம் கால்கள்.

கால்களை வைத்தே ஆளைச் சொல்லவும் பழகியிருந்தான். அவனுக்கு முன்னால் எப்போதும் போவது அஸ்ஃபர். நீலப் பாட்டா, வலது காலைக் கொஞ்சம் இழுத்து வைக்கும் நடை, மழைக் குளிரில் நெஞ்சுக்குள் விசிலடிக்கும் முட்டு வருத்தம். திகனயில் இரும்புக்கடை வைத்திருப்பவரின் மகன் என்பதால் சீனியர்கள் அவனுக்குப் போட்ட பட்டப்பெயர் 'ஆணி'. கலஹா தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து வந்த நிரஞ்சனுக்குக் 'கொழுந்து'. இந்தப் பெயர்களைக் 'கார்ட்' என்பார்கள். சொந்தப் பெயரை வாயெடுத்துச் சொல்ல இருவருக்கும் தடை.

இன்று நீலப் பாட்டாவுக்கும் அவனுக்கும் நடுவில் இன்னொரு சோடிக் கால்கள் போய்க்கொண்டிருந்தன.

யாருக்கோ செருப்பு அறுந்துவிட்டதாக்கும், பாவம், என்றுதான் முதலில் நினைத்தான். பிறகு உற்றுப் பார்த்தான். குதிக்கால் தோல் வெளிறி, ஊறி, சுருங்கியிருந்தது, நாள் முழுக்க உடுப்புத் துவைத்தவளின் விரல்களைப்போல. கல்லும் முள்ளும் கிடந்த பாதையில் அந்தக் கால்கள் எதற்கும் தயங்கவில்லை. மற்றவர்களின் பாட்டாக்கள் சளப் சளப்பென்று சேற்றில் அடித்துக்கொண்டிருக்க, இவை சத்தமே இல்லாமல் போயின. ஒரு வாடையும் வந்தது. நெடுநாள் மூடி வைத்த தொட்டித் தண்ணீரின் வாடை.

"நில்லுங்கடா!"

ரஸீன் அண்ணாவின் குரல். அக்குறணைக்காரன், தமிழ் பேசும் சீனியர்களின் தலைவன், வாயைவிடக் கை முந்துகிற ஆள். வரிசை நின்றது. அவனுடைய வெள்ளைச் சப்பாத்து முன்னாலிருந்து பின்னால் நடந்து வந்தது.

"கார்ட்?"

"ஆணி, அண்ணா!" அஸ்ஃபரின் மூச்சு இழுத்தது.

சப்பாத்து வெறுங்கால்களுக்கு முன்னால் வந்து நின்றது.

"கார்ட்?"

பதில் இல்லை.

"ஒன்னத்தான் கேக்கிற. கார்ட் என்னடா? பாட்டா எங்க?"

அறை விழுந்தது.

அறைச் சத்தம் நிரஞ்சனுக்குத் தெரியும். இந்தக் கல்லூரியில் சேர்ந்த பிறகு அவன் நன்றாகக் கற்றுக்கொண்ட பாடம் அதுதான். இது அந்தச் சத்தம் இல்லை. ஈரச் சேற்றில் கை புதைந்ததுபோல் பொதக்கென்று கேட்டது. வெள்ளைச் சப்பாத்து ஓர் அடி பின்வாங்கியது. இன்னோர் அடி. ரஸீனின் கையிலிருந்து என்னவோ சொட்டிச் சப்பாத்தின் மேல் கறுப்பாக விழுந்தது.

"ரூமுக்குப் போங்க." அந்தக் குரலில் இப்போது உயிரே இல்லை. "எல்லாரும் போங்க. நாளைக்குப் பின்நேரமே பக்கட்டிங்."

பகிடிவதையின் கடைசிச் சடங்கு பக்கட்டிங். பல கிழமையாகப் பீப்பாய்களில் அழுக வைத்த தண்ணீரை வாளி வாளியாக ஜூனியரின் தலையில் ஊற்றுவார்கள். அதோடு அவன் தலை நிமிரலாம். அதற்கு இன்னும் நாள் இருந்தது. ஏன் முந்துகிறது என்று கேட்க ஒருவனுக்கும் வாய் வரவில்லை. "ஓம் அண்ணா!" என்று எல்லோரும் ஒரே குரலில் கத்தினார்கள். அந்தக் குரல்களில் ஒன்று மட்டும் கொஞ்சம் பிந்தி, தொண்டைக்குள் தண்ணீர் நிற்பதுபோல் வந்தது.

அறைக் கதவைச் சாத்திய பிறகுதான் தலையைத் தூக்கலாம். நிரஞ்சன் தூக்கியபோது அஸ்ஃபர் அலுமாரியிலிருந்த உடுப்புகளையெல்லாம் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தான்.

"எங்கடா போற?"

"ஊட்டுக்கு. எனக்கு ஏலாடா. எனக்குப் பின்னால நின்டது யாரு? நீயா?"

"நான் அதுக்குப் பின்னால நின்னேன்."

"அப்ப நீயும் கண்ட." அஸ்ஃபர் கட்டிலில் உட்கார்ந்தான். நெஞ்சுக்கூடு ஏறி இறங்கியது. "கென்டீன்ல முனாப்டு ஒருத்தன்ட கதை சொன்னாங்க. போன வருசத்து ஜூனியர். பக்கட்டிங் அன்டைக்கு, பழைய ஃபெக்டரித் தொட்டிக்குப் பக்கத்துல அவன்ட பாட்டா மட்டும் கெடந்திச்சாம். ஆளைக் காணல்ல."

"ஓடிப் போயிருப்பான்."

"காலேஜும் அப்பிடித்தான் சொன்ன."

கல்லூரி அதை இன்னும் நாகரிகமாகச் சொல்லியிருந்தது: தன் விருப்பின்பேரில் விலகிச் சென்ற மாணவர். அப்படிச் சொல்வதற்கும் நிறையப் படித்திருக்க வேண்டும்.

"செசிலியா மிஸ்கிட்ட எல்லாத்தையும் சொல்லப்போறன். சொல்லிட்டு ஊட்டுக்குப் போறன்," என்றான் அஸ்ஃபர்.

நிரஞ்சன் கதவை மறித்து நின்றான். காட்டிக் கொடுத்தவனோடு ஒருத்தனும் பேசமாட்டான். நாலு வருசமும் தனியாகச் சாப்பிட்டு, தனியாகப் படித்து, தனியாகப் பட்டம் வாங்க வேண்டும். காட்டிக் கொடுத்தவனின் அறைக்கூட்டாளிக்கும் அதே கதிதான். அதைவிட, அஸ்ஃபர் இல்லாத இந்த அறையை அவனால் நினைக்கவே முடியவில்லை. லயத்துப் பொடியன் என்று முகத்தைச் சுளிக்காமல் முதல் நாளே சோற்றுப் பார்சலில் பாதியைத் தள்ளி வைத்தவன் அவன் ஒருவன்தான்.

"நாளைக்கு ஒரு நாளு தானேடா. அது முடிஞ்சா தலைய நிமித்தலாம். பேரச் சொல்லலாம். யாரும் கை வைக்க மாட்டாங்க. நான் ஒன் பக்கத்துலயே நிக்கிறேன். ஒனக்கு ஒன்னும் ஆகாம நான் பாத்துக்கிறேன். போயிறாதடா."

அஸ்ஃபர் பையின் ஜிப்பை இழுத்து மூடினான்.

"பக்கட்டிங் முடியாதவன் எப்பவும் ஜூனியர்தான்டு ரஸீன் சொல்லுவான் தானே," என்றான். "பத்து வருசம் போனாலும் ஜூனியர்தான்டு."

நிரஞ்சன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. அஸ்ஃபர் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். நண்பன் கேட்டான் என்பதற்காக நின்றான்.

மறுநாள் காலை தத்துவ வகுப்பு. செசிலியா மிஸ் யாழ்ப்பாணத்துக்காரர். கதிரைகளை வட்டமாகப் போட்டுப் பிள்ளைகளோடு பிள்ளையாக உட்காருவார். அங்கே தலை நிமிரத் தடையில்லை. ஆனால் தொட்டில் பழக்கம்கூட வேண்டாம், ஒன்றரை மாதப் பழக்கமே போதும் ஒரு கழுத்தை வளைக்க. நிரஞ்சன் குனிந்தபடிதான் இருந்தான்.

"நிரஞ்சன், பிழை எண்டு தெரிஞ்சும் ஒரு கட்டளைக்கு மனுசர் ஏன் கீழ்ப்படியினம்? உம்மட சொந்தக் கருத்தைச் சொல்லும். புத்தகத்தில இருக்கிறது வேண்டாம்."

வட்டத்தின் எதிர்ப்பக்கம் கதிரைக் கால்களுக்கு நடுவே சப்பாத்துகள், செருப்புகள், அஸ்ஃபரின் நீலப் பாட்டா. அதற்கு அடுத்த கதிரையின் கீழே வெறுங்கால்கள். விரல்களில் நகம் இல்லை. அவற்றைச் சுற்றிச் சீமெந்துத் தரையில் தண்ணீர் மெல்லப் பரவி, நீலப் பாட்டாவைத் தொட்டுக்கொண்டிருந்தது. நிரஞ்சன் சடாரென்று நிமிர்ந்தான். கதிரை காலி. குனிந்தான். கால்கள் அங்கேயே இருந்தன.

"சொல்லும்," என்றார் மிஸ்.

"நிமிந்து பாத்தா... ஆள் இல்லீங்க, மிஸ்."

வகுப்பு சிரித்தது. மிஸ் சிரிக்கவில்லை. அவன் பார்வை நின்ற காலிக் கதிரையைத் திரும்பிப் பார்த்தார். "வகுப்பு முடிய நில்லும். கதைக்க வேணும்," என்றார். அஸ்ஃபர் எதிரிலிருந்து அவனையே பார்த்தான். சொல்லிவிடு என்ற பார்வை.

மணி அடித்ததும் நிரஞ்சன் அஸ்ஃபரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, மிஸ் கூப்பிடக் கூப்பிட வெளியே வந்துவிட்டான். கதவுக்கு அப்பால் வெள்ளைச் சப்பாத்து காத்துக்கொண்டு நின்றது.

"மிஸ் என்ன கேட்ட?"

"ஒன்னுமில்லீங்க அண்ணா."

அடுத்த நாள் பௌர்ணமிப் போயா விடுமுறை. அன்று பகலோடே சிங்களப் பிள்ளைகளும் விரிவுரையாளர்களும் ஊர்களுக்குப் புறப்பட்டுவிட்டார்கள். செசிலியா மிஸ்ஸின் கார் மலைப்பாதையில் இறங்கும் சத்தம் மழைக்குள் தேய்ந்து மறையும்வரை நிரஞ்சன் கேட்டுக்கொண்டிருந்தான். ஓடிப்போய் மறித்திருக்கலாம். ஓடவில்லை.

கல்லூரிக்குப் பின்னால் காட்டு மரங்களுக்குள் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்று பாழாய்க் கிடந்தது. பக்கட்டிங் அதற்குள்தான். பின்நேரமே இருட்டிவிட்டிருந்தது. தகரக் கூரையில் மழை கொட்டிய இரைச்சலுக்குள் பக்கத்தில் நிற்பவனின் மூச்சைக்கூடக் காதைத் தீட்டித்தான் கேட்க வேண்டும். சுவர்களில் இன்னும் பழைய தேயிலைத் தூளின் வாசம் ஒட்டியிருந்தது. அதன்மேல் பீப்பாய்களின் நாற்றம், மீன் கழுவிய தண்ணீர், புளித்த சோறு, மாட்டுச் சாணம், எல்லாம் சேர்ந்து தொண்டைக்குள் விரலை விட்டது. ஒற்றைக் குண்டு பல்ப் மஞ்சளாகத் தொங்கியது. ஜூனியர்களை வட்டமாக நிறுத்தி, ஆளுக்கொரு கவ்வாத்துக் கட்டையைக் கையில் கொடுத்தார்கள். தேயிலைச் செடியில் வெட்டிய கட்டை. வைரம் பாய்ந்தது, கனமானது. நிரஞ்சன் பிறந்ததிலிருந்து அடுப்பில் வைத்த கட்டை.

வட்டத்தின் நடுவில் ஒரு சாக்கு மூட்டை கிடந்தது. தண்ணீர் ஊற்றுமுன் அதை அடிக்க வேண்டும். பள்ளிக்கூடப் பொடியன் செத்தால்தான் கம்பஸ் பொடியன் பிறப்பானாம். யார் கண்டுபிடித்த தத்துவமோ, செசிலியா மிஸ்ஸின் பாடத்திட்டத்தில் அது இல்லை.

அஸ்ஃபர் இடப்பக்கம் நின்றான். விசில் மூச்சு கேட்டது. இருக்கிறான், என் பக்கத்தில்தான் இருக்கிறான், என்று நிரஞ்சன் ஒவ்வொரு மூச்சாக மனதுக்குள் பிடித்துக்கொண்டான். வலப்பக்கம் யார் என்று அவன் பார்க்கவில்லை. தொட்டித் தண்ணீரின் வாடை வந்தது. பார்க்கத் தேவையில்லை.

"யாருடா நீங்க?" ரஸீனின் குரல் உடைந்திருந்தது. அவசரப்பட்டான்.

"ஜூனியர், அண்ணா!"

"நடுவுல கெடக்கிறது யாரு?"

"பழைய நாங்க, அண்ணா!"

"என்ன செய்யணும்?"

"கொல்லணும், அண்ணா!"

"அடி!"

அடித்தார்கள். கட்டைகள் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின. சாக்குக்குள் பைன் இலைகள் நொறுங்கின. அடி. ஏறியது. இறங்கியது. கை வலித்து, பிறகு மரத்து, பிறகு அது தன்னுடைய கைதானா என்பதே மறந்துபோகிற ஒரு தாளத்துக்குள் வட்டம் முழுவதும் விழுந்துவிட்டது.

கரண்ட் போனது.

"சரி, போதும். நிறுத்துங்க," என்றான் ரஸீன்.

"அடி."

வலப்பக்கத்திலிருந்து. மெதுவாக. தண்ணீருக்குள்ளிருந்து.

கட்டைகள் இறங்கின.

"போதும்டு சொன்ன தானே! யாருடா அது?" ஃபோன் வெளிச்சம் ஒன்று தரையில் அலைந்து, வலப்பக்கம் ஏறியது. ஏறிய இடத்தில் நின்றது. "யா அல்லாஹ்..." ஃபோன் சீமெந்தில் விழுந்து, வெளிச்சம் தரையோடு கிடந்தது. சப்பாத்துகள் ஓடின. ஒருவன்மேல் ஒருவன் விழுந்து, அலறி, கதவை இடித்துத் திறந்துகொண்டு சீனியர்கள் மழைக்குள் ஓடினார்கள். அலறல் பைன் மரங்களுக்குள் தூரமாகியது.

"அடி."

அடித்தார்கள். கட்டளை வந்த திசை முக்கியமில்லை. குரல் யாருடையது என்பதும் முக்கியமில்லை. அப்படித்தான் அவர்களைப் பழக்கியிருந்தார்கள்.

அஸ்ஃபரின் கட்டை மட்டும் கீழே விழுந்தது.

"டேய், நிமிந்து பாருங்கடா! சீனியர் ஒருத்தனுமில்ல! ஏன்டா அடிக்கிற? நிமிந்து..."

பேச்சு அறுந்தது. அவன் நிமிர்ந்துவிட்டான். பார்த்துவிட்டான். விசில் மூச்சு நெஞ்சுக்குள் சிக்கிக்கொண்டு வெளியே வரவில்லை.

"தலை நிமிர்ந்தவன் யார்?" என்றது குரல்.

"ஆணி, அண்ணா!"

எல்லோரும் சொன்னார்கள். நிரஞ்சனின் வாயும் சொன்னது. சொன்ன பிறகுதான் சொன்னது அவனுக்குத் தெரிந்தது.

"நடுவுக்கு."

கைகள் தள்ளின. எத்தனை கைகள், யாருடைய கைகள் என்று தெரியாது. நீலப் பாட்டாக்கள் வழுக்கின. முழங்கால் சீமெந்தில் மோதியது.

"அடி."

முதல் கட்டை தோளில் விழுந்தது. அடுத்தது முதுகில். சாக்கின் சத்தம் இல்லை இது. அஸ்ஃபர் உம்மாவைக் கூப்பிட்டான். கைகளால் தலையை மூடினான். கட்டை விரல்களில் விழுந்தது. விரல்கள் உடைந்த சத்தம் மழையையும் மீறிக் கேட்டது. நிரஞ்சனின் கை ஏறியது. வேண்டாம். இறங்கியது. நிறுத்து. ஏறியது. அவன் அழுதான். அழுதுகொண்டே அடித்தான். நிமிர்ந்தால் அடுத்தது அவன். அது ஒன்றுதான் தலைக்குள் இருந்தது. வேறு எதுவும் இல்லை. ஒரு பல் துள்ளி வந்து அவன் கால் விரலில் பட்டது. சூடாக இருந்தது.

"நிரஞ்சன்."

சொந்தப் பெயர். இந்தக் கல்லூரிப் பொடியன்களில் அவனை அப்படிக் கூப்பிட்டவன் ஒருவன்தான்.

"நிரஞ்சன், நான்டா. நான்."

ஏறியது. இறங்கியது. பெயர் பாதியில் நின்றது.

விசில் மூச்சு ஒன்று இழுத்தது. நெடுநேரம் கழித்து இன்னொன்று. பிறகு மழை மட்டும்.

"போதும்."

கட்டைகள் விழுந்தன. பீப்பாய்க்குள் வாளி முங்கும் சத்தம். வெறுங்கால்கள் வட்டத்தைச் சுற்றி நடந்தன. ஒவ்வொருவன் முன்னாலும் நின்றன. ஒவ்வொருவன் தலையிலும் வாளி கவிழ்ந்தது. அந்த அழுகிய தண்ணீரை அது அவ்வளவு பொறுமையாக, குழந்தையைக் குளிப்பாட்டுகிறவளைப்போல ஊற்றியது. நிரஞ்சனின் முறை வந்தது. மூக்கில், வாயில், கண்ணில், புழு நெளியும் குளிர். "ஓம் அண்ணா," என்றான். கடைசி வாளியை அது தன் தலையிலேயே கவிழ்த்துக்கொண்டது. பெருமூச்சு ஒன்று கேட்டது. வெகுநாள் சுமந்த எதையோ இறக்கி வைத்தவனின் மூச்சு. பீப்பாய் காலியாகி உருண்டது.

"முடிஞ்சுது. இனித் தலை நிமிரலாம்."

கால்கள் கதவை நோக்கிப் போயின. வெளியே படியில் இறங்கும்போது முதல்தடவையாக அவற்றுக்குச் சத்தம் இருந்தது.

ஒருவனுக்குப் பின் ஒருவனாகத் தலைகள் நிமிர்ந்தன. தரையில் கிடந்த ஃபோன் வெளிச்சத்தில் அவர்கள் வகுப்புக்கு வெளியே முதல்முறையாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எல்லா முகத்திலும் ரத்தத் தெறிப்பு தண்ணீரோடு வழிந்துகொண்டிருந்தது. நடுவில் பார்க்க ஒருவனுக்கும் தைரியம் இல்லை. நிரஞ்சன் பார்த்தான்.

அஸ்ஃபர்மேல் மட்டும் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றப்பட்டிருக்கவில்லை.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே அஸ்ஃபரின் கை அசைந்தது. உடைந்த விரல்களைச் சீமெந்தில் ஊன்றினான். முழங்கால் மடங்காத பக்கம் மடங்க, எழுந்தான். மூச்சு இல்லை, விசில் இல்லை. சட்டைக்குள்ளிருந்து எலும்பு உரசும் சத்தம் மட்டும் வந்தது. ஒருவன் வாந்தி எடுத்தான். மற்றவர்கள் சுவரோடு சுவராக ஒதுங்கினார்கள். அஸ்ஃபர் அவர்களைப் பார்க்கவில்லை. ஒவ்வோர் அடியாக நிரஞ்சனிடம் வந்தான். இரண்டு கைகளையும் உடம்போடு ஒட்டி வைத்தான். கழுத்து முறிந்து நெஞ்சில் தொங்கிய தலையை இன்னும் கொஞ்சம் தாழ்த்தினான்.

"ஓம் அண்ணா," என்று சொல்லிவிட்டு, நிரஞ்சனின் கட்டளைக்காகக் காத்துக்கொண்டு நின்றான்.